கோட்டுக்கு முன்னால் நின்ற புஷ்பவதி

நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடி வந்த ஒருவர், முடிவுக்கோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது ஏன் நிற்கவேண்டும்?

எண்பத்தெட்டாம் ஆண்டு செப்ரெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி அப்படித்தான் நின்றார். மொன்றியலுக்குத் தெற்கே, முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கும் ஒரு சின்ன ஊரில், தேவாலயத்துக்கு முன்னால் நடு ரோட்டில் நின்றார். விழவில்லை, மயங்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்ற ஊர்ச்சனம் கைதட்டியது. எங்கள் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் அசையவில்லை.

இதை எழுதுகிறவனுக்கும் அன்றைக்குப் பதில் தெரியாது. பிறகு புஷ்பவதி சொன்னதையும் அவருடைய கணவர் சொன்னதையும் சேர்த்துவைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

புஷ்பவதியின் ஊர் திருகோணமலை. கணவர் அரியரத்தினம் உரும்பிராய் ஆள். மொன்றியலில் எல்லாருக்கும் அவர் அரியம் அண்ணை. எண்பத்தைந்தில் அகதிகளாக வந்து, பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் அரைவாசி நிலத்துக்குள் புதைந்த ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அரியம் அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். புஷ்பவதி தையல் ஆலை ஒன்றில் குளிர்ச்சட்டைகளுக்குக் கொலர் வைத்துத் தைத்தார். பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றிச் சனம் கேட்கும் கேள்விகளுக்குப் புஷ்பவதி ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வார்.

ஓட்டம் தொடங்கியது ஒரு பெப்ரவரி மாதக் காலையில். பஸ் தவறிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் வேலைக்குப் பிந்தும். பனிச்சப்பாத்தோடும் பெரிய கோட்டோடும் புஷ்பவதி ஓடத் தொடங்கினார். ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பெல்லாம் வேர்த்து, மூக்கு நுனி மட்டும் விறைத்துப்போயிருந்தது. மெசினில் இருந்த பிறகுதான் ஒன்று அவருக்கு உறைத்தது. வந்த வழி முழுக்க அவர் எதையுமே யோசிக்கவில்லை. அகதி வழக்கு நினைவுக்கு வரவில்லை. நேற்று ரேடியோவில் கேட்ட ஊர்ச்செய்தி வரவில்லை. மூச்சு மட்டும் வந்து போனது.

அதன்பிறகு பஸ் தவறாத நாட்களிலும் ஓடினார். பனி கரைந்ததும் ஜாரி பூங்காவைச் சுற்றினார். கறுப்பு நீளக் காற்சட்டை, அரியம் அண்ணையின் பழைய சேட்டு. தாலிக்கொடி துள்ளாமல் இருக்க, சேட்டுக்கு உள்ளே ஊசியால் குத்திவிடுவார்.

பார்க் எக்ஸ்ரென்சனில் எங்கள் சனம் அப்போது அதிகமில்லை. அதனால் யார் எங்கே தும்மினாலும் எல்லாருக்கும் கேட்கும். டெப்பனர் என்று அங்கே சொல்லும் மூலைக்கடை வாசலில் ஒருநாள் பத்திநாதர் அரியம் அண்ணையை மறித்தார். பத்திநாதர் மட்டக்களப்பில் தபால்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். கதைக்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"அரியம், வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையே, ஏன்?"

"இல்லை, விடிய வெள்ளென உம்மட மனிசி ஓடுறதைக் கண்டன். உம்மை விட்டிட்டுப் போறாவாக்கும் எண்டு நினைச்சன். நல்ல காலம், பூங்காவைச் சுத்திப்போட்டுத் திரும்பி வாறா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அரியம் அண்ணையும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலு பேர் சிரித்தால் தாங்கமாட்டார், அவ்வளவுதான்.

ஆலையில் புஷ்பவதிக்குப் பக்கத்து மெசினில் இருந்தவள் ஜினெத். பொத்தான் துளை தைப்பவள். அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் படிக்காத பிரெஞ்சையெல்லாம் புஷ்பவதி அவளிடம்தான் படித்தார். ஜினெத்தும் ஓடுகிறவள் என்பது ஒரு மதியச் சாப்பாட்டின்போது தெரியவந்தது. அவளுடைய தமையன் தெற்கே முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தான். அந்த ஊரில் அறுவடைக் காலத்தில் மரதன் ஓட்டம் வைப்பார்களாம். தோட்டங்களுக்கு நடுவால் இரண்டு சுற்று. "நீயும் வா" என்றாள் ஜினெத்.

திருகோணமலையில் புஷ்பவதி படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நூறு யார், இருநூறு யார் ஓட்டத்தோடு சரி. மரதன் பெடியன்களுக்கு. பெண்பிள்ளைகள் வாளியில் தண்ணீரும் தேசிக்காயும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கவேண்டும். புஷ்பவதியும் வாளியோடு நின்றவர்தான். ஓடிப்போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாட்களை அவர் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை. ஆனால் ஜினெத்திடம் உடனே "ஓம்" என்றார். தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கியது.

விசயம் வீட்டில் வெளிவந்தது ஒரு சனிக்கிழமைச் சாப்பாட்டில். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பத்திநாதர் இருந்தார். வான் வைத்திருக்கும் அருமைராசாவும் இருந்தான். அருமைராசா பள்ளிக்கூடத்தில் மரதன் ஓடி வென்றவன். அதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவான்.

"மரதனோ? நானும் வாறன் அக்கா" என்றான். "உந்த வெள்ளையளுக்கு ஒருக்கா ஓடிக் காட்டவேணும்."

அரியம் அண்ணை இடியப்பத்தைப் பிசைந்தபடி சிரித்தார். "மரதன் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எங்கட ஊரில மரதன் வெல்லுறது ஓடுறவன் இல்லை. பக்கத்தில சைக்கிளில வாறவன்."

அது அவருடைய பெருமை. உரும்பிராயில் விளையாட்டு விழாவில் ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் அவனுடைய ஆள் சைக்கிளில் வருவான். தலையில் தண்ணீர் ஊற்றுவான், தேசிக்காய்ப் பாதியை வாயில் திணிப்பான், "விடாதை, விடாதை" என்று கத்துவான். சைக்கிள் துணை இல்லாமல் ஓடுகிறவனைப் பார்த்துச் சனம் பரிதாபப்படும். அரியம் அண்ணை இளவயதில் சைக்கிள் துணை போன ஆள் எவனும் தோற்றதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது.

"இஞ்ச அப்பிடி இல்லையாம்" என்றார் புஷ்பவதி. "பக்கத்தில ஆரும் வரக்கூடாதாம். தண்ணி மேசையில மட்டும்தானாம்."

"அதென்ன ஓட்டம்? செத்தவீட்டுக்கும் நாலு பேர் சேர்ந்துதானே போறது!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் பலத்தில் அரியம் அண்ணை ஒரு படி மேலே போனார்.

"சரி, இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லுறன். நீர் உந்த மரதனை ஓடி முடிச்சீரெண்டால், உம்மட ஓட்டத்தைப் பற்றி நான் இனி வாய் திறக்கமாட்டன். முடிக்கேல்லையெண்டால், சப்பாத்தைக் கழட்டிக் குப்பையில போட்டிட்டு வீட்டில இருக்கவேணும். என்ன?"

புஷ்பவதி கையிலிருந்த சொதிச்சட்டியைக் கீழே வைத்தார்.

"சரி" என்றார். "சொல்லு மாறக்கூடாது."

சொன்ன சொல் மாறுவது அவருக்குப் பழக்கமில்லை. ஒருமுறை வெள்ளிக்கிழமை புட்டு கொண்டுவருவதாக ஜினெத்துக்குச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பனிப்புயல் அடித்து ஆலையே பூட்டிவிட்டார்கள். மெற்றோவில் ஏறி, முழங்கால் பனியில் நடந்து, புட்டோடு ஜினெத்தின் வீட்டுக் கதவைத் தட்டியவர் புஷ்பவதி. அப்படிப்பட்டவர் "சரி" என்றால், தோற்றால் உண்மையிலேயே சப்பாத்து குப்பைக்குத்தான் போகும். ஜாரி பூங்கா இல்லை, காலை மூச்சு இல்லை, ஒன்றும் இல்லை. அதை அவர் தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

அந்தக் கோடை முழுவதும் ஓடினார். வேலை முடிந்து வில்லரே வீதிகளால் சுற்றி வருவார். காலில் கொப்புளம் போட்டால் தையல் ஊசியால் குத்தித் தண்ணீர் எடுப்பார். இரவில் காலுக்கு நல்லெண்ணெய் பூசுவார். அரியம் அண்ணை போத்தல் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத்தன்று அருமைராசாவின் வான் இருட்டோடு புறப்பட்டது. கட்டுச்சோறு, தேத்தண்ணிப் போத்தல், பத்திநாதர், இதை எழுதுகிறவனோடு வேறு நாலைந்து பேர். அரியம் அண்ணை கடைசி நிமிடத்தில் ஏறினார். "முந்திரிகை பாக்கத்தான் வாறன்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

பாலம் தாண்டி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபோது விடிந்தது. மேடும் பள்ளமுமான நிலத்தில் முந்திரிகை வரிசை வரிசையாக நின்றது. அரியம் அண்ணையின் குடும்பம் உரும்பிராயில் முந்திரிகை செய்த குடும்பம். அவர் வானின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இதென்ன, கத்தரிக்கண்டு மாதிரி இடுப்பளவில நிக்குது? பந்தல் போடாமல் என்னெண்டு காய்க்கும்?"

ஜினெத்தின் தமையன் தோட்ட வாசலில் விளக்கம் சொன்னான். புஷ்பவதி மொழிபெயர்த்தார். குளிர் வருமுன் கொடியைச் சாய்த்து, மேலே மண் போட்டு மூடிவிடுவார்களாம். வசந்தத்தில் மண்ணை விலக்கினால் திரும்பத் துளிர்க்குமாம்.

"உயிரோட புதைக்கிறதோ!" என்றார் அரியம் அண்ணை.

தேவாலய மணி அடித்ததும் ஓட்டம் தொடங்கியது. இருநூறு பேர் இருக்கும். ரொட்டிக்கடைக்காரர், தாதிகள், பள்ளிக்கூடப் பெடியன்கள், தாடி வைத்த ஒரு கிழவர், ஜினெத். அருமைராசா முதல் அடியிலேயே பறந்தான். ஊர் எல்லை வரை அவன்தான் முன்னுக்கு. "தமிழன் முதலாமிடம்!" என்று வான்காரர் துள்ளினார்கள். பள்ளிக்கூட மரதன் ஊரை ஒருமுறை சுற்றி வருவது. அவன் மனதில் இருந்தது அந்தத் தூரம். ஒரு சுற்றில் பாதிகூட வராத இடத்தில், வேலியில் சாய்ந்து நின்று, "முடிவு எங்கை?" என்று கையால் கேட்டான். தண்ணீர் மேசையில் நின்ற பெண் விரல்களை விரித்து விரித்து மடக்கி, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டினாள். அருமைராசா அந்த இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டான். வான் வந்து ஏற்றும்வரை முந்திரிகை சாப்பிட்டான்.

புஷ்பவதி மெதுவாக ஓடினார். குளவிகள் மொய்க்கும் பழங்களின் புளித்த மணம் காற்றில் இருந்தது. பழம் வெட்டுகிற ஆட்கள் வரிசைகளுக்குள் இருந்து நிமிர்ந்து, கத்தரியைத் தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் மேசைகளில் மற்றவர்கள் காகிதக் குவளையில் ஒரு வாய் குடித்துவிட்டு ரோட்டில் எறிந்தார்கள். புஷ்பவதிக்கு அது மனம் வரவில்லை. நின்று, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடித்துவிட்டு, குவளையை மேசையில் திருப்பி வைத்து "மெர்சி" சொன்னார். அந்த நேரத்துக்குள் நாலு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது சுற்றில் அதே மேசைக்காரிகள் அவரைத் தூரத்தில் கண்டதுமே குவளையை நிரப்பிப் பிடித்தபடி எழும்பி நின்றார்கள்.

இரண்டாவது சுற்றில் கூட்டம் கலைந்துவிட்டது. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. வெயில் ஏறியது. மேடு ஒன்று முடிந்தால் அடுத்த மேடு எழும்பியது. புஷ்பவதியின் வலது கால் சரியாக நிலத்தில் படவில்லை.

ஜினெத்தின் தமையனுடைய தோட்ட வாசலில் நின்று அரியம் அண்ணை இதைப் பார்த்தார். நீளமான வெறும் ரோட்டில், தன் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு ஓர் உருவம் தனியாக நொண்டி நொண்டி வருகிறது. அவருக்கு அதன்பிறகு ஒன்றும் நினைவில்லையாம். கொட்டிலில் சாய்த்திருந்த ஒரு சைக்கிள். பக்கத்தில் வெறும் வைன் போத்தல்கள். ஒன்றில் குழாய்த்தண்ணீர் பிடித்தார். ஏறி மிதித்தார்.

"ஏன் வந்தனீங்கள்?" என்றார் புஷ்பவதி.

"கதையாதையும், மூச்சு வீணாப் போகும். தலையைக் குனியும்."

"இஞ்ச இப்பிடி வரக்கூடாதெண்டு சொன்னனான் எல்லே?"

"தனிய ஓடுறீர். பாக்க அந்தரமாக் கிடக்கு."

போத்தல் தலையில் கவிழ்ந்தது. குளிர்ந்த தண்ணீர் கழுத்தால் இறங்க, புஷ்பவதிக்கு உயிர் வந்தது போல இருந்தது. அப்போதுதான் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு முதிய கண்காணிப்பாளர் சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஓடுகிற பெண்ணின் தலையில் ஒரு மனிதன் வைன் போத்தலைக் கவிழ்ப்பதைக் கண்டு அவர் பிரேக் போட்டார். அரியம் அண்ணை போத்தலை உயர்த்தி, "போன்ஜூர்! போன்ஜூர்!" என்றார்.

கண்காணிப்பாளர் புஷ்பவதியிடம் நிதானமாகச் சொன்னார். புஷ்பவதி ஓடியபடியே தமிழில் சொன்னார். "இன்னொருக்கா நீங்கள் பக்கத்தில வந்தீங்களெண்டால் என்ர நம்பரை எடுத்துப்போடுவினமாம். நான் ஓட்டத்தில இல்லையாம்."

"இதென்ன நியாயம்? மனிசிக்கு மனிசன் தண்ணி குடுக்கக்கூடாதோ?"

"கூடாதாம்."

"அப்ப கலியாணம் கட்டினது என்னத்துக்கு?"

ஆனாலும் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். பிறகு தூரத்தில், ஒரு தோட்டத்தின் நீளம் விட்டு, மெதுவாகப் பின்னால் வந்தார்.

கடைசி மேட்டில் புஷ்பவதியின் கெண்டைக்கால் இறுகிக் கல்லானது. ரோட்டில் இருந்துவிட்டார். எழும்பிப் பார்த்தார், முடியவில்லை. காலை இரண்டு கையாலும் பிடித்தார். வலியில் கண் இருண்டது. திரும்பிப் பார்த்தால், அங்கே அரியம் அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். வந்தால் நம்பர் போகும் என்று அவருக்கும் தெரியும்.

"வராதேங்கோ!" என்று புஷ்பவதி கத்தினார்.

அரியம் அண்ணை ஒரு நிமிடம் நின்றார். பிறகு சைக்கிளைப் புல்லில் தள்ளிவிட்டு வந்தார்.

"நம்பரும் மண்ணாங்கட்டியும்" என்றார்.

ரோட்டில் சப்பாணி கட்டி இருந்தார். மனைவியின் சப்பாத்தைக் கழற்றினார், காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார், கெண்டைக்காலை மேலிருந்து கீழாக நீவத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அருமைராசாவின் வானும் வந்து நின்றது. பத்திநாதர் கதவைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். டெப்பனர் வாசலில் நாலு பேர் சிரித்ததைத் தாங்காத மனிதர், பட்டப்பகலில், ஊர் பார்க்க, நடு ரோட்டில் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மஞ்சள் மேலங்கிக்காரர் வந்தார். அவர் அவசரப்படவில்லை. நீவி முடியும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார். புஷ்பவதி தானே ஊசிகளைக் கழற்றி, நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் துணியை மடித்துக் கொடுத்தார். ரோட்டு எல்லாருக்கும் பொது, ஓட விரும்பினால் ஓடலாம், ஆனால் பெயர் வராது என்றார் அவர்.

வான் கதவு திறந்தே இருந்தது.

"ஏறுவமோ?" என்று கேட்டார் அரியம் அண்ணை.

"நீங்கள் ஏறுங்கோ" என்றார் புஷ்பவதி. சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார். எழும்பினார். ஓடினார்.

அந்தக் கடைசித் தூரம்தான் நீளமானது என்று அவர் பிறகு சொன்னார். கால் நோவு இல்லை. மனம்தான் ஓடவிடவில்லை. ஊர் தன்னை முடித்தவள் என்று சொல்லப்போவதில்லை. அப்படியென்றால் முடித்தவள் என்று யார் சொல்வது? திங்கட்கிழமை டெப்பனர் வாசலில் யாராவது, "நம்பர் இல்லாமல் ஓடினவவாம்" என்று தொடங்குவார்கள். நாலு பேர் சிரிப்பார்கள். அரியம் அண்ணை வீட்டுக்கு வந்து, "கணக்கில இல்லாத ஓட்டம் செல்லாதுதானே" என்பார். சொல்லக்கூடியவர்தான். தானும் "சரி" என்று சொன்னவள். சொல் மாறமுடியாது. சப்பாத்து குப்பைக்குப் போகும்.

தேவாலயம் தெரிந்தது. கயிறு கட்டிய வழி தெரிந்தது. ஓடி முடித்துப் போர்வையைப் போர்த்துக்கொண்டு நின்ற ஜினெத் கை அசைத்தாள். கோடு இருபது அடியில். புஷ்பவதி நின்றார். அரியம் அண்ணை சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேரும்வரை நின்றார்.

"என்னப்பா? கால் திரும்பவும் பிடிச்சிட்டுதோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு. அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால ஒரு சொல்லு சொன்னீங்கள். இண்டைக்கும் ஆக்களுக்கு முன்னால ஒரு சொல்லு சொல்லுங்கோ."

"என்ன சொல்லு?"

"நம்பர் இல்லாத இந்த ஓட்டம் செல்லுமோ, செல்லாதோ?"

"உமக்கென்ன விசரே? ஆக்கள் பாக்கினம். கோட்டைத் தாண்டும்!"

"ஆக்கள் பாக்கத்தான் வேணும். செல்லாதெண்டு நாளைக்குச் சொல்லுவீங்களெண்டால் நான் இதிலேயே நிக்கிறன். தாண்டமாட்டன்."

அரியம் அண்ணை சனத்தைப் பார்த்தார். வானில் இருந்து இறங்கி ஓடி வருகிற பத்திநாதரைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கேல்லை" என்றார் புஷ்பவதி.

"செல்லும்!" என்று கத்தினார் அரியம் அண்ணை. அரைவாசி ஊர் திரும்பிப் பார்த்தது. "செல்லும், செல்லும், செல்லும்! எந்தக் கோயிலில வந்தும் சத்தியம் பண்ணுறன். போம்!"

"சைக்கிளை அங்கால விட்டிட்டு வாங்கோ" என்றார் புஷ்பவதி. "சைக்கிளோட வந்தால் அந்த ஐயா பாவம், பேந்தும் பேசவேண்டி வரும்."

அவர் சைக்கிளைப் பத்திநாதரின் கையில் திணித்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியால் நடந்தார். புஷ்பவதி கயிற்றுக்கு உள்ளால், தனியாக ஓடிக் கோட்டைத் தாண்டினார். ஜினெத் போர்வையால் அவரைச் சுற்றிக் கட்டிப்பிடித்தாள். தண்ணீர் மேசைக்காரிகள் இரண்டு பேர் அங்கேயும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி குவளை ஒன்றை நிரப்பி நீட்டினாள். புஷ்பவதி அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மாலையில் தேவாலய மண்டபக் கதவில் ஓடி முடித்தவர்களின் பெயர்களை ஒட்டினார்கள். தாடிக் கிழவரின் பெயர் இருந்தது. புஷ்பவதியின் பெயர் இல்லை. ஜினெத் போய்ச் சண்டை பிடித்தாள். புஷ்பவதிதான் அவளை இழுத்துக்கொண்டு வந்தார். விதி விதிதான் என்றார்.

அரியம் அண்ணை தன் வாக்கைக் காப்பாற்றவில்லை. ஓட்டத்தைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன் என்றவர், அன்றைக்குப் பிறகு வாய் மூடவேயில்லை. உணவகத்தில் சொன்னார், மெற்றோவில் சொன்னார், கலியாண வீடுகளில் சொன்னார். அடுத்த வசந்தத்தில் டெப்பனர் வாசலில் பத்திநாதர் பழைய பழக்கத்தில், "அரியம், உம்மட மனிசி ஓடுறா" என்று தொடங்க, அரியம் அண்ணை சொன்னார்:

"ஓமோம், நாற்பத்திரண்டு கிலோமீற்றர். நீங்கள் முதலில மெற்றோ வரைக்கும் ஓடுங்கோ பாப்பம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த முறை பத்திநாதரும் சேர்ந்து சிரித்தார்.

புஷ்பவதி இன்றைக்கும் விடியக் காலையில் ஜாரி பூங்காவைச் சுற்றி ஓடுகிறார். அந்த ஊர்க் கதவில் ஒட்டிய தாளில் அவருடைய பெயர் இல்லை. வேறு எந்தத் தாளிலும் இல்லை. அரியம் அண்ணை ஒருவர் எவ்வளவு பேருக்குத்தான் சொல்வார்? ஆகையால் இதை வாசிக்கிறவர்கள் ஓர் உதவி செய்யவேண்டும். உங்கள் தெருவில் ஒரு பெண் ஓடிப்போகும்போது யாராவது சிரித்தால், சிரித்தவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். யாரும் சிரிக்காவிட்டாலும் சொல்லுங்கள். எதை மறந்தாலும் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: புஷ்பவதி அரியரத்தினம், திருகோணமலை.